கேளாமல் வந்த புதுமை

பழகிய கணினியொன்று ஒரு காலைப்பொழுதில் வேற்று முகத்துடன் விழித்தெழுமாயின், அதன் உடைமையாளர் திகைப்பது இயல்பே. 2015 யூலை 29ஆம் நாள் விண்டோஸ் 10 வெளிவந்தபோது, விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றை வைத்திருந்தோர்க்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனை ஓராண்டு இலவசமாக வழங்கியது. இலவசந்தான், ஆயின், வேண்டாமென்பார்க்கு வழி எளிதாயிருக்கவில்லை. 2016 பெப்ரவரி முதல், தன்னியக்க முறையை ஏற்றிருந்த கணினிகளில் அது தானாகவே இறங்கலாயிற்று. அறிவித்தற் பெட்டியின் மூலையிலுள்ள பெருக்கற் குறியை அழுத்தி மூடினால், அதனை மறுப்பென்றே எவரும் கொள்வர். மே மாதத்திலோ அவ்வாறு மூடியவரின் கணினியும் குறித்த வேளையில் மாற்றப்பட்டது.

கலிபோர்ணியாவில் பயண முகவர் தொழில் புரிந்த பெண்மணியொருவர், இம்மாற்றத்தால் தம் அலுவல் கெட்டதென வழக்காடி 10,000 டொலர் பெற்றார். நிறுவனம் தவறென ஒப்பவில்லை. மேன்முறையீட்டைக் கைவிட்டுப் பணத்தைச் செலுத்தியது. தெளிவான மறுப்புப் பொத்தான் அறிவிக்கப்பட்டபோது, சலுகைக் காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதமே எஞ்சியிருந்தது!

மாறியதை மீட்கவும் வழியுண்டு. பழைய தளம் தனிக் கோப்புறையொன்றில் சில காலம் காக்கப்படும். அன்று அத்தவணை ஒரு மாதம். இன்றைய விண்டோஸ் 11இல் வழக்கமாகப் 10 நாள். அதற்குள் அமைப்புகளிலுள்ள மீட்புப் பகுதியில் முந்தியதற்குத் திரும்பலாம். சினத்தால் எல்லா இற்றைப்படுத்தல்களையும் நிறுத்திவிடுவது மட்டும் ஆகாது. பாதுகாப்புத் திருத்தங்களும் அவ்வழியே வருகின்றன.