எந்த மரத்துக்கு எந்தப் பிளேட்?

தையல், கோழி வளர்ப்பு, மிளகாய்த்தூள் பொதி செய்தல் என்பவற்றுக்கு வெளியே மரவேலைக்கும் வந்துவிட்ட பெண்கள் எங்கள் பக்கத்தில் சிலர் இருக்கிறோம். 2009இல் போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறியபோது வீடுகளுக்குக் கதவும் யன்னலும் தேவைப்பட்டன. தச்சர் கிடைப்பது அரிதாக இருந்தது. அந்தத் தேவைதான் என்னை உளியும் சீவுளியும் பிடிக்க வைத்தது. கைவாளால் அரிந்து பழகிய பின்னரே மேசை வாளுக்கு மாறினேன். மேசையின் நடுவே ஒரு நீண்ட பிளவு. அதனூடாகத் தலை காட்டிச் சுழலும் வட்டத் தகடு. பலகையை நாம் தள்ளிக் கொடுக்க வேண்டும். பிளேட் என்று நாங்கள் சொல்வது அந்தத் தகட்டைத்தான்.

மெசினைப் பற்றி எல்லோரும் விசாரிப்பார்கள். எத்தனை குதிரை வலு, எந்த நாட்டுத் தயாரிப்பு, எத்தனை வருட உத்தரவாதம் என்றெல்லாம் கேட்பார்கள். பிளேட்டைப் பற்றிக் கேட்பவர் குறைவு. வாழ்வாதார உதவியாக மெசின் வழங்குவோரும் பெரும்பாலும் அப்படித்தான். பெட்டியோடு வந்த ஒரேயொரு பிளேட்டைப் பூட்டி, கையெழுத்து வாங்கி, படம் எடுத்து ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த பிளேட் எந்த வேலைக்குரியது என்று எவரும் சொல்வதில்லை.

அவ்வாறு மெசின் பெற்ற ஒரு பெண்கள் குழுவினர் கட்டில் செய்யத் தொடங்கியிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டதால் போய்ப் பார்த்தேன். இரண்டு அங்குலப் பாலைப் பலகையை நீளவாட்டில் அரிந்துகொண்டிருந்தார்கள். ஒரே புகை. வெட்டிய ஓரம் முழுவதும் கருகியிருந்தது.

"மெசினுக்குச் சக்தி காணாது அக்கா. பாலையை இழுக்குதில்லை" என்றாள் ஒரு தங்கை. செல் பீஸ் பட்டதனால் அவளுடைய இடது கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. வலது கையாலும் வயிற்றாலும் பலகையை அமத்தித் தள்ளிக்கொண்டு நின்றாள்.

மெசினில் ஒரு குறையும் இல்லை. பூட்டியிருந்தது 60 பற்கள் உள்ள பிளேட். அதைக் கழற்றி, நான் கொண்டுபோன 24 பல் பிளேட்டைப் பூட்டினோம். அதே பலகை, அதே மோட்டர். தள்ளுகட்டையால் மெல்லத் தள்ளவே பலகை போனது.

பொருந்தாத பிளேட்டும் மொட்டை பிளேட்டும் நம்மிடமிருந்து பலத்தைக் கேட்கின்றன. பலத்தைப் போட்டுத் தள்ளும்போது பலகை திடீரென விடுபட்டால், கை நேரே பற்களை நோக்கித்தான் போகும். 10 அங்குல பிளேட் நிமிடத்துக்கு 4,000 தடவை சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. கையை இழுத்துக்கொள்ள நேரம் இராது. வீட்டில் உழைக்கும் கை அந்த ஒரு சோடிதான் என்றால், நல்ல பிளேட்டுக்குக் கொடுக்கும் பணத்தை ஆடம்பரம் என்று எண்ண முடியாது.

பற்களின் எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்? மரத்தின் நார் நீளவாட்டில் ஓடுகிறது. நார் ஓடும் திசையிலேயே அரியும்போது நீளமான சுருள்களாகத் தூள் வரும், அளவும் அதிகம். அந்தத் தூளை வெளியே கொண்டுபோவது பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம். 10 அங்குல பிளேட்டில் 24 பல் என்றால் இரு பற்களுக்கு இடைவெளி ஏறத்தாழ 33 மில்லிமீற்றர். 60 பல் என்றால் 13 மில்லிமீற்றர்தான். சின்னப் பள்ளம் தூளால் நிரம்பிவிட்டால் பல் வெட்டாது, உராயும். உராய்ந்தால் சூடேறும், கருகும். அந்தத் தங்கையின் பாலைப் பலகையில் நடந்தது இதுவே.

குறுக்கே அறுப்பது வேறு விதமான வேலை. அங்கே நார்களை ஒவ்வொன்றாகத் துண்டிக்க வேண்டும். பல் குறைந்த பிளேட்டால் குறுக்கே அறுத்தால் ஓரம் சிராய் சிராயாகப் பிய்ந்து நிற்கும். கதவுச் சட்டத்தின் மூட்டு பொருந்தாது. அதற்கு 60 முதல் 80 பற்கள் வரை உள்ள பிளேட் வேண்டும். பிளைவூட்டுக்கும் அதுவே நல்லது. பற்களை உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும். நீளவாட்டில் அரியும் பிளேட்டின் பல் முனை உளி போலத் தட்டையாக இருக்கும். குறுக்கே அறுப்பதில் ஒரு பல் இடப்பக்கம், அடுத்த பல் வலப்பக்கம் எனச் சாய்த்துத் தீட்டப்பட்டிருக்கும்.

இரண்டுக்கும் நடுவே 40 பல் பிளேட் ஒன்று உண்டு. இரு வேலையையும் ஓரளவு செய்யும். முதலில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது என்று கேட்பார்கள். யன்னல், கதவு, கட்டில் என்று பாலை, முதிரை, வேம்பு போன்ற மரங்களில் வேலை செய்பவர் 24 பல்லை முதலில் வாங்குவதே நல்லது என்பேன். குறுக்கே அறுப்பதைக் கைவாளாலும் செய்துவிடலாம். தடித்த பலகையை நாள் முழுவதும் கைவாளால் நீளவாட்டில் அரிந்தால் தோள்மூட்டு போய்விடும். அலுமாரியும் பிளைவூட்டும்தான் வேலை என்றால் 60 பல். 40 பல்லோடு காலம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். மெல்லிய பலகைக்கு அது போதும்.

பனைக்கும் தென்னைக்கும் தனியாக ஒரு சொல். இவற்றில் சிலிக்கா இருப்பதனால் சாதாரண உருக்குப் பல் மிக விரைவில் மழுங்கும். தங்குதன் காபைட் முனை ஒட்டிய பிளேட் இல்லாமல் பனங்கட்டையில் கை வைப்பது வீண் வேலை. காபைட் முனையை அடையாளம் காண்பது சுலபம்: ஒவ்வொரு பல்லின் நுனியிலும் வேறு நிறத்தில் ஒரு சிறு துண்டு ஒட்டப்பட்டிருக்கும்.

கடைக்குப் போகும்போது பழைய பிளேட்டைக் கையோடு கொண்டு போங்கள். நடுத் துளை 25.4 மில்லிமீற்றரா, 30 மில்லிமீற்றரா, வேறு அளவா என்பது அதிலிருந்து தெரியும். துளை பெரிதென்றால் அதற்குரிய வளையத்தைக் கேட்டு வாங்க வேண்டும். தகரத்தைச் சுற்றிப் பூட்டினால் பிளேட் நடுவம் மாறி ஆடும். பிளேட்டின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தையும் வாசியுங்கள். மெசினின் வேகம் அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். உள்ளூரில் ஒட்டிச் செய்த, பெல்ட்டில் ஓடும் மெசின்களில் புளி மாற்றியிருந்தால் வேகமும் மாறியிருக்கும்.

அதேபோல வெட்டும் அகலத்தைக் கவனிக்க வேண்டும். தடித்த பிளேட் 3.2 மில்லிமீற்றர் அளவில் மரத்தைத் தின்னும், மெல்லியது 2.4 அளவில். ஒன்றரைக் குதிரை வலு போன்ற சிறிய மோட்டருக்கு மெல்லியதே இலகு, மரமும் மிச்சம். ஆனால் பிளேட்டின் பின்னால் நிற்கும் இரும்பு நாக்கை அளந்து பாருங்கள். வெட்டிய பலகை மீண்டும் ஒட்டி பிளேட்டை நெரிக்காதபடி தடுப்பது அதுதான். நாக்கு பிளேட்டின் உடம்பைவிடத் தடிப்பாகவும், வெட்டுவாயைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய பிளேட்டைப் போட்டதும் பலகை நாக்கில் முட்டுகிறது என்று நாக்கையே கழற்றி எறிந்தவர்களைக் கண்டிருக்கிறேன். நாக்கு இல்லாவிட்டால் பின்பக்கப் பற்கள் பலகையைத் தூக்கி, தள்ளுபவர் மேலேயே எறியும். நாக்கு இருந்தாலும் பிளேட்டுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நிற்பதே புத்தி. பிளேட்டை அளவுக்கு மேல் உயர்த்தவும் வேண்டாம். பலகைக்கு மேலே கால் அங்குலம் தெரிந்தால் காணும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. மேசை வாள் வாங்க வசதியில்லாதவர்கள் கிறைண்டரில் நாலு அங்குல மரவாள் பிளேட்டைப் பூட்டி, பலகையின் கீழே கவிழ்த்துக் கட்டி வேலை செய்கிறார்கள். கிறைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடுவது. பல்லுள்ள வாளைப் பூட்ட வேண்டாம் என்று அதனோடு வரும் கையேட்டிலேயே எச்சரித்திருப்பார்கள். அதைவிடக் கைவாள் எவ்வளவோ மேல்.

இனி எங்கள் மண்ணுக்கே உரிய பிரச்சினை. வன்னி மரங்கள் பலவற்றின் உள்ளே இரும்பு இருக்கிறது. செல் பீஸும் சன்னமும் பட்ட இடத்தை மரம் மெல்ல மெல்ல மூடி வளர்ந்துவிட்டது. வெளியே ஒரு தழும்புதான் தெரியும். இது எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. உலகப் போர்கள் நடந்த பிரான்சிலும் ஜேர்மனியிலும் மரஆலைகள் இன்றும் உலோகம் தேடிப் பார்த்தே சில காடுகளின் மரத்தை அரிகின்றன. காபைட் கடினமானது, ஆனால் கண்ணாடி போல நொறுங்கும். இரும்பில் மோதினால் முனை உடைந்து பறக்கும். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் மெசின் முன் நிற்க வேண்டாம் என்பது இதனால்தான்.

என்னோடு வேலை செய்யும் தங்கை ஒருத்தி முன்பு கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தவள். மரம் வந்தால் முதலில் அவளிடம்தான் போகும். தழும்பு, வீக்கம், நிறமாற்றம் என்று விரலால் தடவிப் பார்ப்பாள். இரும்பு இருக்கும் இடத்தைச் சுற்றி மரம் கருநீலமாகக் கறுத்திருப்பது வழக்கம். பிறகு நூலில் கட்டிய காந்தத்தை மேலே மெதுவாகக் கொண்டு போவாள். ஆழத்தில் இருப்பதைக் காந்தம் காட்டாது, ஈயத்தையும் காட்டாது. அதற்கு உலோகம் காட்டும் சிறு கருவி வேண்டும். நாங்கள் நான்கு பட்டறையினர் சேர்ந்து ஒன்றை வாங்கி மாறி மாறிப் பாவிக்கிறோம். அவளுக்கு அவசரமே கிடையாது. வாடிக்கையாளர் வாசலில் நின்றாலும் அவள் பாட்டுக்கு அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரும்பு கண்ட பகுதியைக் கைவாளால் ஒதுக்கி வெட்டிவிடுவோம். முழுச் சன்னமோ, இன்னதென்று தெரியாத பொருளோ இருந்தால் உளி வைக்காமல் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும்.

உடைந்த வீடுகளிலிருந்து எடுக்கும் பழைய நிலைகளும் தீராந்திகளும் நல்ல காய்ந்த முதிரையாக இருக்கும். விட மனம் வராது. தலை முறிந்த ஆணிகளும் ஒட்டிய சீமெந்தும் அவற்றில் உண்டு. கம்பித் தூரிகையால் தேய்த்து, ஆணியைப் பிடுங்கிய பின்னரே மேசையில் வைக்கலாம். இந்த மரத்துக்கென்று பழைய, ஆனால் பல் உடையாத ஒரு பிளேட்டைத் தனியாக வைத்திருக்கிறோம். புதியதை அதற்குப் பூட்டுவதில்லை.

பிளேட் மழுங்கிவிட்டது என்று எறியுமுன் கழுவிப் பாருங்கள். வேம்புப் பிசினும் பலாப் பாலும் பல்லில் இறுகிப் பிடித்தால் நல்ல பிளேட்டும் மொட்டை போலவே நடக்கும். சலவைத்தூள் கரைத்த இளஞ்சூட்டு நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்து, துடைத்துக் காயவைத்து, மெல்லிதாக எண்ணெய் பூசினால் சரி. அதன் பின்னும் கருகினால்தான் தீட்டக் கொடுக்க வேண்டும். 2022 நெருக்கடியில் ரூபா வீழ்ந்தபோது இறக்குமதி பிளேட்டுகளின் விலை ஏறியது. அப்போது பலரும் தீட்டுவதன் அருமையை உணர்ந்தார்கள். நல்ல காபைட் பிளேட்டைப் பல தடவை தீட்டலாம். மலிவானதில் முனை மிகச் சிறியது, ஓரிரு தடவைக்கு மேல் தாங்காது.

பிளேட்டை மாற்றும்போது ஆளியை அணைத்தது போதாது, பிளக்கைக் கழற்றிக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். 2022இல் நாளொன்றுக்குப் பல மணி நேர மின்வெட்டு இருந்தது. மின்சாரம் இல்லைத்தானே என்று நம்பி பிளேட்டில் கை வைத்தவர்கள் இருந்தார்கள். சாதாரண ஆளி போட்டபடி இருந்தால், மின்சாரம் வந்ததும் மெசின் தானாகவே ஓடத் தொடங்கும். சால், கூந்தல், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் ஒதுக்கிய பின்னரே கிட்டப் போகவேண்டும். கையுறை வேண்டவே வேண்டாம், பல் அதைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுக்கும். மேசையின் மேலே தெரியும் பற்கள் நம்மைப் பார்த்தபடி இருந்தால் பிளேட் சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறது என்று அறியலாம்.

தீட்டும் கடைக்குக் கொடுக்கும்போது பிளேட்டுகளைக் கடதாசி மட்டை இடையில் வைத்துக் கட்டிக் கொடுங்கள். ஒன்றோடொன்று முட்டினாலே முனை உடையும். உடைந்த பல் இருந்தால் அந்த இடத்தைச் சோக்கினால் அடையாளமிட்டு, முனை மாற்றி ஒட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்த பிளேட்டை மெசினில் மீண்டும் பூட்டக் கூடாது.