மெலிந்த பின்னும் மெலியாத கவலை

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

'கண்ணாடி பொய் சொல்லாது' என்று பெரியவர்கள் கூறுவதுண்டு. உண்மைதான். ஆனால் கண்ணாடி உண்மையையே சொன்னாலும் அதை நம்ப மறுக்கும் மனம் ஒன்று நம் எல்லோரிடமும் இருக்கிறது. அந்த மனத்தைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

பருமனான ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் மருத்துவரின் அறிவுரைப்படி அளவோடு உண்கிறாள். நாள்தோறும் காலையில் நடக்கிறாள், ஓடுகிறாள். ஓராண்டு கழிகிறது. எடை குறைந்துவிட்டது. தையற்காரர் பழைய சட்டைகளையெல்லாம் பிடித்துத் தைத்துக் கொடுக்கிறார். முன்பெல்லாம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இப்போது இரண்டிரண்டு படியாகத் தாவுகிறாள். இனி அவளுக்கு என்ன குறை என்றுதானே நாம் நினைப்போம்?

ஆனால் நடப்பது வேறு. குரூப் போட்டோ எடுக்கும்போது அவள் இன்னமும் பின் வரிசையைத் தேடுகிறாள். பஸ்ஸில் இருவர் அமரும் இருக்கையில் ஓர் இடம் காலியாக இருந்தாலும், 'நமக்குப் போதாது' என்று நின்றுகொண்டே வருகிறாள். துணிக்கடையில் கை தானாகவே பெரிய அளவு உடையை எடுக்கிறது. பின்னால் யாராவது சிரித்தால், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று காது சிவக்கிறது. 'இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிறாள். அந்த இரண்டு கிலோவும் குறைந்த பின், கையைப் பற்றியோ முகத்தைப் பற்றியோ புதுக் கவலை பிறக்கிறது. உடல் மாறிவிட்டது, உள்ளம் மாறவில்லை. இதற்குக் காரணம் என்ன?

உள்ளத்தில் ஓர் உடல்

நமக்கு இரண்டு உடல்கள் உண்டு என்றால் தோழியர் நகைக்கக்கூடும். ஒன்று, எடை இயந்திரத்தில் ஏறி நிற்கும் உடல். மற்றொன்று, நம் மூளையும் மனமும் வரைந்து வைத்திருக்கும் உடல்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்னும் இரு நரம்பியல் மருத்துவர்கள் 1911-ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதினர். நம் உடல் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்னும் கணக்கை மூளை ஓயாமல் வைத்துக்கொண்டிருக்கிறது என்றனர். தொப்பியில் நீண்ட இறகு சூடிய பெண், அந்த இறகின் நுனிவரை தன் உடலாகவே உணர்கிறாள் என்று ஹெட் எடுத்துக்காட்டுக் கூறினார். அதனால்தான் தாழ்ந்த வாசலில் அவள் தானாகவே தலை குனிகிறாள். தலையில் குடத்தோடு நிலைப்படியைக் கடக்கும் நம் ஊர்ப் பெண்களை நினைத்துக்கொண்டால் இது நன்கு விளங்கும்.

பின்னர் பால் ஷில்டர் என்னும் மருத்துவர் 1935-இல் வெளியிட்ட நூலில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். நம் உடலைப் பற்றி நம் மனத்தில் உருவாகும் படம் நரம்புகளால் மட்டும் வரையப்படுவதில்லை. நம் உணர்ச்சிகளும், பிறர் நம்மை நோக்கும் நோக்கும் அதில் கலந்திருக்கின்றன என்று அவர் விளக்கினார்.

இல்லாத கையும் வலிக்கும்

உடல் மாறினாலும் உள்ளே இருக்கும் படம் மாறாமல் நிற்கும் என்பதற்கு மருத்துவத்தில் ஒரு வியப்பான சான்று உண்டு. விபத்திலோ போரிலோ கையை இழந்தவர்களில் பெரும்பாலோர், அந்தக் கை இன்னமும் இருப்பதுபோல் உணர்கிறார்கள். இல்லாத விரல் அரிக்கிறது; இல்லாத உள்ளங்கை வலிக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை செய்த வெயர் மிட்செல் என்னும் மருத்துவர், 1871-இல் இதற்கு 'மாய உறுப்பு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின் அமெரிக்காவில் பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரன், 1990-களில் ஒரு சாதாரணக் கண்ணாடியையும் பெட்டியையும் கொண்டு இத்தகைய நோயாளிகள் சிலரின் வலியைக் குறைத்துக் காட்டினார். கண்ணாடியில் தெரியும் நல்ல கையின் உருவம் இழந்த கையின் இடத்தில் இருப்பதுபோல் தோன்ற, மூளை தன் பழைய படத்தைச் சற்றே திருத்திக்கொண்டது.

கையை இழப்பதும் எடை குறைவதும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். எனினும் ஒரு பாடம் இங்கே இருக்கிறது. உடலில் மாற்றம் வந்த அன்றே உள்ளத்தில் உள்ள படமும் மாறிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

எடை குறைந்தவர்களிடமும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியல் அறிஞர் தாமஸ் கேஷ் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1990-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பருமனாக இருக்கும் பெண்கள், முன்பு பருமனாக இருந்து மெலிந்தவர்கள், என்றுமே பருமனாக இல்லாதவர்கள் என மூன்று வகையினரை அவர்கள் ஒப்பிட்டனர். மெலிந்தவர்களின் எடை மூன்றாம் வகையினரைப் போன்றது. ஆனால் உடலைப் பற்றிய அவர்களின் கவலையோ பல வகைகளில் முதல் வகையினரைப் போன்றே இருந்தது! இல்லாத கொழுப்பைச் சுமப்பதால், 'மாயக் கொழுப்பு' என்றே இதை அழைக்கிறார்கள்.

நெதர்லாந்து நாட்டில் நடந்து 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதைவிட வியப்பானது. மெலிய வேண்டும் என்று உணவை ஒதுக்கி ஒதுக்கி உடல் நலிந்துபோகும் 'அனரெக்சியா' என்னும் நோயுற்ற பெண்களையும், நோயில்லாத பெண்களையும் வெவ்வேறு அகலமுள்ள வாசல்கள் வழியே நடக்கச் செய்தனர். எதற்காக நடக்கிறோம் என்று தெரியாதபடி வேறொரு வேலையும் கொடுத்திருந்தனர். நோயில்லாதவர்கள், வாசலின் அகலம் தம் தோளைவிட 25 விழுக்காடு மட்டுமே கூடுதலாக இருந்த நிலையில்தான் தோளைத் திருப்பிக்கொண்டு நுழையத் தொடங்கினர். எலும்பும் தோலுமாக இருந்த நோயாளிகளோ, 40 விழுக்காடு கூடுதலாக இடம் இருக்கும்போதே தோளைத் திருப்பினர். தாம் பெரிய உடலைச் சுமந்து செல்வதாகவே அவர்கள் கால்களும் தோள்களும் நம்பியிருந்தன.

படத்தை வரைபவர் யார்?

அப்படியானால் இந்தப் படத்தை வரைந்தவர் யார்? ஒரு பகுதியை நாம் வாழும் காலம் வரைகிறது. பிஜித் தீவில் நன்றாக உண்டு வளர்ந்த உடலே அழகு என்று வழிவழியாக எண்ணி வந்தார்கள். அந்நாட்டின் நாட்ரோகா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெக்கர் 1998-இல் அங்குள்ள பள்ளி மாணவியரிடம் விசாரித்தபோது, 74 விழுக்காட்டினர் தாம் மிகவும் பருத்திருப்பதாகச் சில நேரமாவது எண்ணுவதாகக் கூறினர். தொலைக்காட்சியில் வரும் பெண்களைப் போல் ஆக வேண்டும் என்ற ஆசை அவர்களுள் பலரிடம் காணப்பட்டது. இன்றோ தொலைக்காட்சி கைப்பேசியாகி நம் உள்ளங்கைக்கே வந்துவிட்டது. அதில் காணும் முகங்கள் பலவும் திருத்தப்பட்டவை என்று தெரிந்தும், நம் முகத்தை அவற்றோடுதான் ஒப்பிடுகிறோம்.

மற்றொரு பகுதியை வரைபவை, அருகில் இருப்பவர்களின் சொற்கள். பள்ளிகளில் பட்டப்பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. பருத்தவள் 'பூசணிக்காய்', மெலிந்தவள் 'ஈர்க்குச்சி'. திருமண வீட்டுக்குப் போனால் அத்தையோ பெரியம்மாவோ, 'என்னடி, இப்படி ஊதிவிட்டாய்?' என்று நாலு பேர் நடுவில் கேட்பார்கள். அவர்கள் அன்பினால்தான் கேட்கிறார்கள். கேட்டவர் பந்தியில் உட்காருவதற்குள் அதை மறந்துவிடுகிறார். கேட்கப்பட்டவளோ ஆண்டுக்கணக்கில் மறப்பதில்லை.

ஒரு சொல் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிக்கின் வாழ்க்கை ஒரு துயரமான சாட்சி. 1988-இல் புடாபெஸ்ட் நகரில் நடந்த ஒரு போட்டியின்போது, எடையைக் குறைக்க வேண்டும் என்று நடுவர் ஒருவர் அவரிடம் கூறினார். அப்போது அவருக்கு வயது 15, நம் வயது! அடுத்த ஆண்டே உலகப் போட்டியில் ஒரு பிரிவில் நான்காம் இடம் பெறும் அளவுக்குத் திறமை கொண்ட உடல் அது. ஆனால் எவ்வளவு மெலிந்தும் அவர் மனத்திலிருந்த படம் மெலியவில்லை. உணவை ஒதுக்கும் நோய் முற்றி, 1994 ஜூலை 26 அன்று தம் 22-ஆம் வயதில் இறந்தார். இத்தகைய நோய்க்கு ஒரே ஒரு சொல்தான் காரணம் என்று மருத்துவர்கள் கூறமாட்டார்கள். பிறவி இயல்பு முதலிய பல காரணங்கள் கூடித்தான் நோய் வருகிறது. ஆனாலும் அந்தச் சொல் ஒன்றும் இல்லாததன்று.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இகழ்ச்சி மட்டுமன்று, புகழ்ச்சியும் சில நேரம் புண்படுத்தும். மெலிந்து வந்தவளிடம், 'இப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கிறாய்' என்கிறோம். 'அப்படியானால் இதுவரை நன்றாக இல்லையா? மறுபடியும் எடை ஏறினால் இந்த அன்பு போய்விடுமா?' என்று அவள் உள்ளம் கேட்கிறது. மகிழ்விக்கச் சொன்ன சொல்லே புது அச்சத்தை விதைக்கிறது.

என்ன செய்யலாம்?

உடல்நலத்துக்காக அளவோடு உண்பதும் ஓடி ஆடுவதும் மிக நல்லவை. 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடலுக்கு நல்ல உழைப்புக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் உடல்மேல் கொண்ட வெறுப்பினால் ஓடுபவளுக்கு ஓட்டம் முடிவதே இல்லை. பட்டினி கிடப்பதோ பெருந்தீங்கு. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 59.1 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். வளரும் வயதில் பெண்ணின் உடலில் ஓரளவு கொழுப்புச் சேர்வது இயற்கை, அது நோயன்று.

மனத்தில் உள்ள படத்தைத் திருத்தவும் வழிகள் உண்டு. 2015-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த அறிஞர்கள், தம் உடலை விரும்பாத இளம்பெண்களை மூன்று முறை, முறைக்கு 15 நிமிடம், தங்கள் உடல் என்னென்ன செய்கிறது என்று எழுதச் சொன்னார்கள். அழகைப் பற்றி அன்று, செயலைப் பற்றி! அப்படி எழுதியவர்களுக்குத் தம் உடல்மீது நிறைவு கூடியது. நாமும் எழுதிப் பார்க்கலாம். இந்தக் கால்கள் தினமும் நம்மைப் பள்ளிக்குச் சுமந்து வருகின்றன. இந்தக் கைகள் தம்பியைத் தூக்குகின்றன, கோலம் போடுகின்றன, தேர்வில் மூன்று மணி நேரம் ஓயாமல் எழுதுகின்றன. இந்தத் தொண்டை பாடுகிறது. இவற்றில் எதற்கும் எடை இயந்திரத்தின் அனுமதி தேவையில்லை.

கண்ணாடி முன் நிற்கும்போது, பிடிக்காத ஓர் இடத்தையே உற்று நோக்காமல் முழு உருவத்தையும் பார்க்கப் பழகுவது நல்லது. 'அசிங்கம்' என்று தீர்ப்புக் கூறாமல், 'என் முடி கருப்பு, என் தோள் அகலம்' என்று உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்ப்பது, உடல் பற்றிய கவலைக்கு உளவியல் மருத்துவர்கள் மேற்கொள்ளும் பயிற்சிகளுள் ஒன்று. ஒரே நாளில் பலன் கிட்டாது. பல ஆண்டுகளாக வரைந்த படம் ஒரு வாரத்தில் அழியுமா?

பெற்றோர்களுக்கும் எங்கள் அருட்சகோதரியருக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். எங்களைக் கண்டதும் மெலிந்தாயா, பருத்தாயா என்பதை முதல் கேள்வியாகக் கேளாதீர்கள். என்ன படித்தாய், எதற்குச் சிரித்தாய், யாரோடு விளையாடினாய் என்று கேளுங்கள். உங்கள் உடலைப் பற்றியும் எங்கள் முன் குறை கூறிக்கொள்ளாதீர்கள். அம்மா தன்னை வெறுப்பதைப் பார்த்துத்தான் மகளும் அதைக் கற்றுக்கொள்கிறாள். ஒருத்தி உணவைத் தொடர்ந்து ஒதுக்கினாலோ, டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு போனாலோ, 'அடம்' என்று கண்டிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குணப்படுத்தக்கூடிய நோயே அது. காலதாமதம்தான் அதன் துணைவன்.

அன்புத் தோழியரே! எடையைக் குறைப்பது அவரவர் முயற்சி. ஆனால் ஒருத்தியின் மனத்தில் இருக்கும் படத்தை வரைவதில் பக்கத்துப் பெஞ்சில் இருப்பவளுக்கும் பங்கு உண்டு. அந்தப் பென்சில் நம் ஒவ்வொருவர் நாவிலும் இருக்கிறது. பட்டப்பெயரை விட்டு, பெற்றோர் ஆசையாய் வைத்த பெயரைச் சொல்லி அழைப்போம். குரூப் போட்டோவில் பின் வரிசைக்கு ஒதுங்குபவளைக் கைபிடித்து அருகில் நிறுத்திக்கொள்வோம். பஸ்ஸில் நிற்பவளிடம், 'வாடி, இடம் இருக்கிறது' என்போம். தனக்கும் இவ்வுலகில் போதிய இடம் உண்டு என்று அவள் நம்பும் நாளில்தான் அந்த மாயச் சுமை இறங்கும். அதற்கு நாம் துணை நிற்போமாக!