மழை விட்ட பிறகு பிரயாணம் போகலாமா?

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்து போன பிறகு, நாம் போன லயங்களில் எல்லாம் ஒரே பேச்சுத்தான். "கண்டியில கல்யாணம், போறதா வேணாமா? வேனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, லீவும் கேட்டாச்சு." "கொழும்பில இருக்கிற மகன் எப்படி வருவான்?" நாட்டில் 600 பேருக்கு மேல் இறந்த அனர்த்தம் அது. மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. கவலைப்பட்டதில் தப்பே இல்லை.

ஆனால் "வெயில் அடிக்குது, இனிப் பயமில்ல" என்று சிலர் சொன்னதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

மழை நின்றாலும் மலைக்குள் போன தண்ணீர் உடனே வடிந்து விடாது. ஊறிய மண் பாரமாகவும் இருக்கும், பிடிப்பும் குறைந்திருக்கும். பாதை போட மலையின் அடியை வெட்டிய இடத்தில் அந்த மண்ணைத் தாங்க ஒன்றும் இல்லை. அதனால் நல்ல வெயிலிலும் சரியலாம். பாதை திறந்தாச்சு என்றால் மண்ணை அள்ளிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம்; மேலே நிற்கும் மலை அப்படியேதான் நிற்கிறது.

நம்ம ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பாதை அடைபட்டால் பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு, சரிந்த மண்ணின் மேலேயே நடந்து அந்தப் பக்கம் வேறு பஸ் பிடிப்பது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் போகிறார்கள். இதை மட்டும் செய்யாதீர்கள். ஒரு தடவை சரிந்த இடத்தில்தான் மறுபடியும் சரியும். புறப்பட்ட இடத்துக்கே திரும்புங்கள், காசு போனால் போகட்டும்.

புறப்படுமுன் 117க்குப் போன் செய்து, போகிற ஊருக்கும் வழிக்கும் எச்சரிக்கை உண்டா என்று கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் அது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அன்றைக்கே அந்த வழியாக வந்த பஸ் கண்டக்டரையும் விசாரியுங்கள். நேற்றுப் போனவர் சொன்னது இன்றைக்கு உதவாது.

இன்னொன்று. தாய் தகப்பன் கல்யாணத்துக்குப் போக, பிள்ளைகள் பாட்டியோடு லயத்தில் நிற்பது வழக்கம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் வந்து மூடியது லயங்களைத்தான். ஆகவே உங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டை முதலில் பாருங்கள். புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கல் தண்ணீர் ஊறுவது, வழக்கமான ஊற்று நின்று போவது, இதில் ஒன்றைக் கண்டாலும் ஒருவரையும் அங்கே விட்டுப் போகாதீர்கள். கிராம சேவகருக்கும் தோட்ட ஆபீசுக்கும் உடனே சொல்லுங்கள்.

பெரும்பாலான தோட்டங்களில் மழையை அளந்து எழுதி வைக்கிறார்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் கவனம், 100 என்றால் மூட்டை கட்டி ஆயத்தம், 150 என்றால் லயத்தை விட்டு இறங்க வேண்டும். பெரட்டுக்குப் போகிறபோது கணக்கப்பிள்ளையிடம் அன்றைய கணக்கைக் கேட்டு வையுங்கள்.