தூரமானிப் படக்கருவியும் அதனைப் பேணும் முறையும்

நிழற்படம் பிடித்தல் இக்காலத்தில் யாவர்க்கும் எளிதாகிவிட்டது. சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியே கணப்பொழுதிற் படம் பிடித்துத் தந்துவிடுகிறது. ஆயினும், பாட்டனார் பெட்டியினின்றும் எடுத்த பழைய பிலிம் கருவியைக் கையிலேந்தி, இதனை எவ்வாறு இயக்குவது என்று வினவும் மாணாக்கர் இன்றும் உளர். பல ஆண்டுகள் பெட்டிக்குள் பழுதின்றி உறங்கிய கருவி, வெளியே எடுத்த முதல் வாரத்திலேயே கெட்டுப்போவதுண்டு. இறுகிய வளையத்தை வலிந்து திருகுவதும், தயங்கும் ஷட்டரில் எண்ணெய் விடுவதும், கண்ணாடியை வேட்டி முனையால் துடைப்பதுமே அதற்குக் காரணம். இவற்றைப் பழுது பார்க்கும் கைகள் அருகிவிட்ட இந்நாளில், ஒருமுறை கெட்டது பெரும்பாலும் கெட்டதேயாம். ஆதலின் இக்கருவியின் இயல்பையும், நம் கரிசற் சீமையில் அதனைக் காக்கும் வகையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதற்கண் இதன் பிலிமைப் பற்றி அறிதல் வேண்டும். 120 என்னும் எண்ணால் வழங்கும் சுருள் பிலிம் 1901 ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தாரால் வெளியிடப்பெற்றது. நம் கோவிற்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. அன்று தோன்றிய அப்பிலிம் அளவு மாறாது இன்றும் விற்கப்படுகின்றது. ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் அகலமுள்ள அச்சுருளில், கருவியின் அமைப்புக்கேற்ப, 6க்கு 6 அளவில் 12 படங்களோ, 6க்கு 7 அளவில் 10 படங்களோ, 6க்கு 9 அளவில் 8 படங்களோ எடுக்கலாம். சதுரப் படத்தின் உண்மை அளவு பக்கத்திற்கு 56 மில்லிமீட்டர். சாதாரண 35 மில்லிமீட்டர்ப் பிலிமின் படத்தைவிட இது பரப்பில் மும்மடங்குக்கும் மேற்பட்டது. ஆகவே பெரிதாக்கி அச்சிடினும் முகத்தின் சுருக்கமும் கல்லின் உளிக்கோடும் மங்காமல் விளங்கும்.

இனி, தூரமானி என்பது யாது? 1802 ஆம் ஆண்டில் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னைப் பரங்கிமலையினருகே ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்து, அதன் இரு முனைகளினின்றும் கோணங்களைக் கண்டு, இந்தியாவின் பெரும் நில அளவையைத் தொடங்கினார். அடிக்கோட்டின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால் எட்டாத மூன்றாம் புள்ளியின் தூரம் தானே கிட்டும் என்பது முக்கோணக் கணிதம். அக்கணிதமே இச்சிறு கருவியின் உள்ளும் தொழிற்படுகின்றது. இதன் முகப்பில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சாளரங்கள் உள. ஒன்றன் வழியே வரும் உருவம் நேரே கண்ணுக்கு வருகிறது. மற்றொன்றன் உருவம் கண்ணாடியாலோ பட்டகத்தாலோ திருப்பப்பட்டு அதன்மேற் படிகிறது. குவிப்பு வளையத்தைத் திருப்புங்கால் இவ்விரண்டாம் உருவம் பக்கவாட்டில் நகரும். இரண்டும் ஒன்றாகப் பொருந்திய கணத்தில் லென்ஸும் அத்தூரத்திற்குச் சரியாகக் குவிந்திருக்கும்.

இவ்வகைக் கருவிகளுட் சிலவற்றைக் குறிப்போம். ஜெர்மனியின் சைஸ் இகான் நிறுவனத்தார் 1934 முதல் வெளியிட்ட சூப்பர் இகான்டா, துருத்தியோடு மடங்குவது. சுழலும் கண்ணாடிப் பட்டகங்கள் அதன் தூரமானிக்கு உறுப்பாவன. ஜப்பானில் 1940 இல் தோன்றிய மாமியா சிக்ஸ், லென்ஸை நிலைக்க வைத்துப் பிலிமையே முன்பின் நகர்த்திக் குவிக்கும் புதுமை உடையது. 1995 இல் வந்த மாமியா 7, லென்ஸுகளை மாற்றும் வசதி பெற்றது. ஆயின் அதன் ஷட்டர் மின்கலமின்றி இயங்காது.

இயக்கும் முறை வருமாறு. பிலிமை நிழலில் நின்றே ஏற்றுக. பின்தாளிலுள்ள அம்புக்குறி கருவியின் குறியோடு பொருந்தும்வரை சுருளை விரலால் இறுக்கிப் பிடிக்க. தளர்ந்த சுருளின் ஓரத்தில் ஒளி புகும். பின்புறம் செந்நிறச் சாளரமுள்ள கருவியாயின், எண்ணைப் பார்த்தவுடன் அதனை மூடிவிடுக. மடங்கும் கருவியை மெல்லத் திறத்தல் வேண்டும். வெடுக்கெனத் திறந்தால் துருத்தி காற்றை உறிஞ்சிப் பிலிமை முன்னே இழுத்து வளைத்துவிடும். அதனால் கருவியைத் திறந்த பின்னரே அடுத்த படத்திற்குப் பிலிமைச் சுற்றுவது நலம். காம்பர் போன்ற பழைய ஷட்டர்களில், அதிலும் மிக்க வேகத்தில், முதலில் வேகத்தைக் குறித்துப் பின்னரே வில்லை ஏற்றுக. தானே சொடுக்கும் நெம்புகோலைப் பழங்கருவிகளில் தொடாதிருப்பதே அறிவுடைமை. அது நடுவழியில் நின்று ஷட்டரையும் முடக்கிவிடும்.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். இக்கருவியில் நாம் லென்ஸின் வழியே பார்ப்பதில்லை. தனிச் சாளரத்தின் வழியே பார்க்கிறோம். எனவே லென்ஸின் மூடியை அகற்ற மறந்தாலும், துருத்தியின் முன் விரல் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. பிலிமைக் கழுவும்போதுதான் தெரியும். அண்மையிலுள்ள முகத்தைப் படமெடுக்குங்கால் சாளரம் காட்டும் எல்லையும் லென்ஸ் காணும் எல்லையும் சற்றே வேறுபடும். தலைக்குமேல் சிறிது இடம் விட்டு எடுப்பது நன்று.

கரிசற்காட்டின் வெளிச்சம் தனி இயல்புடையது. கருவியில் ஒளிமானி இல்லையேல் பழைய விதி ஒன்று உதவும்: நல்ல வெயிலில் துளையெண் 16 என வைத்து, பிலிமின் வேக எண் 100 ஆயின் ஷட்டரை 1/100 அல்லது 1/125 நொடிக்கு அமைக்க. ஒளிமானியை நம்புவோர் கரிசல் மண்ணில் ஏமாறுவர். தன் முன்னுள்ளது கருமையோ வெண்மையோ, அனைத்தையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே அது முயலும். உழுத கரிசலை நோக்கி அளந்தால் மிகுதியான ஒளியைக் கேட்கும். வானமும் வெள்ளை வேட்டியும் வெளிறிப்போம். வெடித்த பருத்திக் குவியலை நோக்கி அளந்தால் குறைந்த ஒளியே போதுமென்னும். பருத்தி பறிக்கும் பெண்டிரின் முகம் இருண்டுவிடும். தன் உள்ளங்கையை அதே வெயிலில் நீட்டி அளந்து, மாநிற உள்ளங்கையாயின் ஒரு படி ஒளியைக் கூட்டிக்கொள்வது நம்பத்தக்க வழி. கழுகுமலையின் வெட்டுவான்கோவிற் சிற்பங்களையும் சமணப் புடைப்புருவங்களையும் எடுக்க விரும்புவோர் உச்சிவெயிலைத் தவிர்த்து, வெயில் சாய்வாக விழும் பொழுதைத் தேர்க. பரந்த காட்சிக்கு, 80 மில்லிமீட்டர் லென்ஸைத் துளையெண் 11 இல் 12 மீட்டருக்குக் குவித்தால், 6 மீட்டர் முதற்கொண்டு தொலைவானம் வரை ஏறக்குறையத் தெளிவாக விழும்.

இனிக் காக்கும் முறை. நம் பகுதிக்கு இரு பகைகள் உள: கோடையின் புழுதி ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரம் மற்றொன்று. ஆடிக் காற்றிற் பறக்கும் கரிசல் தூசி நுண்ணியது. குவிப்புத் திருகில் எண்ணெய்ப் பசையோடு கலந்தால் அரமாகி அரிக்கும். காற்றடிக்கும் வெளியிற் பிலிம் மாற்றலாகாது. லென்ஸை முதலில் ரப்பர்க் குமிழால் ஊதி, பின் மென்தூரிகையால் தட்டி, அதற்கும் போகாத கறையை மட்டும் லென்ஸ் தாளில் ஒரு துளித் துப்புரவு நீர் இட்டு நடுவிலிருந்து வெளிநோக்கித் துடைக்க. தூரமானியினுள் உள்ள பாதி வெள்ளி பூசிய கண்ணாடியை ஒருபோதும் துணியால் தேய்க்கலாகாது. பூச்சு போய்விடின் இரண்டாம் உருவமே மறைந்துவிடும்.

மழைக்காலத்தில் தோலுறையே கருவிக்குப் பகையாகின்றது. தோல் ஈரத்தை ஏந்தும். ஈரத்திற் பூஞ்சை வளர்ந்து லென்ஸின் மேல் சிலந்திவலைபோற் படரும். எனவே உறையை நீக்கி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்க. ஷட்டரின் வில்லை ஏற்றிய நிலையில் வைத்தலாகாது. மாதம் ஒருமுறை எல்லா வேகங்களிலும் சொடுக்கிப் பார்க்க. ஒரு நொடி என்று குறித்த வேகம் இழுத்து நீண்டால் வல்லாரிடம் கொடுக்க வேண்டுமேயன்றி எண்ணெய் விடலாகாது. இருட்டறையில் துருத்தியினுள்ளே சிறு விளக்கை வைத்துப் பார்த்தால் ஊசித்துளையும் ஒளிரும். தூரமானி பிசகியதா என்றறிய, கயத்தாற்றுக் காற்றாலை ஒன்றைத் தொலைவிலிருந்து நோக்கி, லென்ஸை முடிவிலிக்கு வைக்க. இரு உருவங்களும் பொருந்தாவிடின் திருத்தம் வேண்டும்.

படமெடுத்த சுருளை இறுக்கி ஒட்டி, வெயில் படாது வைக்க. வீட்டில் கழுவுவோர்க்கு ஒரு சொல்: கோடையில் குழாய்நீர் 30 பாகைக்கும் மேற்படும், கழுவும் மருந்து 20 பாகையில் இருத்தல் நன்றாதலின், பனிக்கட்டி இட்ட தொட்டியில் மருந்துப் பாத்திரத்தை நிறுத்திக் குளிர்விக்க. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் பிலிமிற் சுண்ணப் புள்ளிகளை விடும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரே தகும்.

உதகமண்டலத்தில் 1960 இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று மூடப்பட்டுவிட்டது. நம் ஊர்களின் பழைய ஸ்டூடியோக்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. அவற்றின் கண்ணாடித் தகடுகளும் பிலிம் சுருள்களும் எத்தனையோ குப்பையிற் சேர்ந்தன. தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்ணுருவாக்கிப் புதுவைப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் காத்தவை ஒரு பகுதியே. ஆதலின் மாணாக்கரே, இக்கருவி உங்கள் கைக்கு வருமாயின், அதனோடு அப்பெட்டியின் அடியிற் கிடக்கும் பழைய நெகட்டிவ்களையும் எடுத்துப் பார்மின். அமிலமற்ற தாளுறையில் ஒவ்வொன்றாக இட்டு, படத்திலுள்ளார் பெயரையும் ஊரையும் ஆண்டையும் உறையின்மேல் பென்சிலால் எழுதி வைமின். அப்பெயர்களைச் சொல்லவல்ல முதியோர் இன்று நம்மோடு இருக்கின்றனர். அவர்களைக் கேட்டெழுதும் வேலையை அடுத்த விடுமுறைக்குத் தள்ளாதிருமின்.