வலிக்கும் தசைக்கு எண்ணெய் தேய்க்கலாமா?



கொமரலிங்கம் வயற்காட்டு ஊர். 1950-களில் அமராவதி அணை கட்டப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ராஜவாய்க்கால் பாசனத்தில் இங்கே நெல் விளைந்து வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நடவு தொடங்கிவிடும். பல மாத இடைவெளிக்குப்பின் சேற்றில் இறங்கிக் குனிந்து நாற்று நடுகிற பெண்கள் முதல் நாள் மாலை ஒருவாறு நிமிர்ந்து வீடு திரும்பிவிடுவார்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் இடுப்பும் பின்தொடையும் கட்டை போல இறுகிப்போகும். பொங்கலுக்குக் கபடி ஆட இறங்கும் இளைஞர்களுக்கும் இதே கதைதான். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மேஜையருகிலும் அயர்ன் மேஜையருகிலும் நின்றபடியே வேலை செய்கிறவர்களுக்குக் கெண்டைக்காலும் கழுத்தும் வலிக்கின்றன.

இவர்கள் எல்லாருக்கும் வீட்டில் கிடைக்கும் முதல் வைத்தியம் ஒன்றே. எண்ணெயைக் காய்ச்சித் தேய்த்து நீவி விடுவது. இதனால் உண்மையில் பயன் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். உண்டு. ஆனால் அதே கை, வேறொரு நேரத்தில், ஒரு வாலிபனின் முழங்கையை வாழ்நாள் முழுவதும் மடக்க முடியாதபடி செய்துவிடவும் கூடும். இந்த இரண்டையும் விளக்கவே இதை எழுதுகிறோம்.

முதலில் வலி ஏன் வருகிறது என்று பார்ப்போம். பக்கத்திலுள்ள பழனி மலைக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள். 693 படிகளையும் ஏறும்போது மூச்சு வாங்கும். மறுநாள் தொடையில் வலி எடுப்பதற்குப் பெரிதும் காரணம் இறங்கியதுதான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே நம் பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. நாற்று நடக் குனிவதும், கபடியில் ஓடிவந்து சட்டென்று நின்று திரும்புவதும் அப்படிப்பட்ட வேலைகளே. பழக்கமில்லாத தசை இவ்விதம் இழுபடும்போது அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு கிழிசல்கள் உண்டாகின்றன. அவற்றைச் சரிசெய்யச் சரீரம் இரத்த அணுக்களையும் சில இரசாயனங்களையும் அங்கே அனுப்புகிறது. லேசான வீக்கமும் வலியும் அதனால் வருகின்றன. இந்த வலி உடனே தெரியாது. 24 மணி நேரத்துக்குமேல்தான் ஏறும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடையும், பிறகு தானாகவே தணிந்துவிடும்.

தசையில் லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, நீவினால் அது கரைந்து போகும் என்று விளையாட்டுப் பயிற்சியாளர்கள் பலர் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது சரியல்ல. ஓடும்போது சேரும் அந்தப் பொருள் ஓட்டம் நின்றபின் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. மறுநாள் வலிக்கு அது காரணமாக இருக்க முடியாது.

அப்படியானால் நீவுதல் என்னதான் செய்கிறது? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012-ம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று சுவையானது. பதினொரு வாலிபர்களைச் சோர்ந்து போகும்வரை சைக்கிள் மிதிக்கச் செய்தார்கள். பின் ஒவ்வொருவருக்கும் ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் நீவிவிட்டு, மற்ற காலை அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டு தொடைகளிலிருந்தும் சிறு துண்டுத் தசையை எடுத்துப் பரிசோதித்தபோது, நீவிய காலில் அழற்சியைத் தூண்டும் இரசாயனங்கள் குறைந்திருந்தன. லாக்டிக் அமில அளவில் வித்தியாசமே இல்லை. பதினொரு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே மனிதரின் இரு கால்களை ஒப்பிட்டது நல்ல யோசனை.

2020-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதுபோன்ற 29 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து, மொத்தம் 1012 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். நீவிவிட்டதால் வேகமாக ஓடவோ, உயரமாகத் தாண்டவோ, அதிக பாரம் தூக்கவோ முடியவில்லை. ஆனால் மறுநாள் வலி சற்றுக் குறைந்தது, உடல் சற்று எளிதாக வளைந்தது. ஆகவே மசாஜ் ஒருவனை வீரனாக்கும் என்று பணம் வாங்குகிறவர்களை நம்ப வேண்டாம். வலி குறைந்து, நன்றாகத் தூங்கி, மறுநாள் மீண்டும் களத்தில் இறங்கத் துணைசெய்வது அற்ப காரியமும் அல்ல. 2011-ல் கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியோடு ரமேஷ் மானே என்னும் மசாஜ் நிபுணரும் இருந்தார். வாரக்கணக்கில் விடாமல் ஆடும் பந்துவீச்சாளர்களுக்கு அந்தக் கைகள் தேவைப்பட்டன.

நம் சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கிராமங்களில் இரட்டைப் பிள்ளை பெற்ற தாய் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்ற நம்பிக்கையும் உண்டு. இரட்டைப் பிள்ளைக்கும் சுளுக்குக்கும் சம்பந்தம் ஏதும் நமக்குத் தெரியவில்லை. ஆனால் முதுகுப் பிடிப்புள்ள ஒருவரை ஒரு தாய் மெதுவாக மிதித்துவிட்டால் சற்று நேரம் இதமாக இருப்பதில் வியப்பில்லை.

வீட்டில் செய்வதற்குப் பெரிய பயிற்சி தேவையில்லை. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ எது இருந்தாலும் போதும். கை வழுக்கிச் செல்லவும் தோல் உரசாமல் இருக்கவுமே எண்ணெய் உதவுகிறது. கெண்டைக்காலானால் குதிகாலிலிருந்து முழங்காலை நோக்கி, தொடையானால் முழங்காலிலிருந்து மேல்நோக்கி, அதாவது இருதயத்தின் திசையில் நீவ வேண்டும். முதலில் மெதுவாக நீவி, பிறகு மாவு பிசைவதுபோல் தசையைப் பிசைந்து, மீண்டும் மெதுவாக நீவி முடிக்கலாம். ஒரு காலுக்குப் பத்து நிமிடம் தாராளம். இதமான வலி இருக்கலாம். ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால் கை அளவுக்கு மீறி அழுத்துகிறது என்று அர்த்தம். முழங்காலின் பின்குழி, கவட்டை, கழுத்தின் முன்பக்கம் இவற்றில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் மேலாக ஓடுவதால் அழுத்தவே கூடாது. நாள்தோறும் நின்று வேலை செய்வதால் வரும் வலிக்கும் இது அன்றைய சுகத்தைத் தரும். ஆனால் மேஜையின் உயரம் ஆளுக்குப் பொருந்தாமல், இடையில் உட்கார ஓய்வும் இல்லாமல் இருக்கும்வரை மறுநாள் மாலை அதே வலி திரும்பி வரும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நீரிழிவு நோயாலோ தொழுநோயாலோ பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடான எண்ணெய் தேய்க்கவே கூடாது. தோல் வெந்து கொப்பளித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. 1946-ல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களுக்காக உழைத்த டாக்டர் பால் பிராண்டை உங்களில் பலர் அறிவீர்கள். வலி என்பது சரீரத்தைக் காக்கும் ஈவு என்று அவர் வற்புறுத்திச் சொன்னதற்குக் காரணம், வலி தெரியாததால் உண்டான இத்தகைய காயங்களைக் கண்ணாரக் கண்டதுதான்.

இனி எங்களை மிகவும் கவலைப்படுத்தும் காரியத்துக்கு வருகிறோம். இதுவரை சொன்னது உழைப்பால் களைத்த தசையைப் பற்றியது. அடிபட்ட தசையும் மூட்டும் வேறு. கபடியில் பிடிபட்டு விழுகிற வாலிபன் கையை ஊன்றுகிறான். முழங்கை வீங்கிவிடுகிறது. சுற்றி நிற்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் ஓடிவருகிறார்கள். சூடாக எண்ணெய் தேய்த்து, உருவி, இழுத்து, சுளுக்கு எடுக்கிறார்கள். உள்ளே எலும்பு முறிந்திருக்கலாம், மூட்டு விலகியிருக்கலாம். தசையும் எலும்பின் மேலுறையும் நசுங்கி இரத்தம் கட்டியிருக்கும் இடத்தை அழுத்தித் தேய்க்கும்போது இரத்தக் கசிவு அதிகமாகிறது. சில வாரங்களில் அந்த இரத்தக் கட்டுக்குள், தசையின் நடுவிலேயே, எலும்பு வளரத் தொடங்கலாம். மருத்துவர்கள் இதை மயோசைட்டிஸ் ஒசிஃபிகன்ஸ் என்கிறார்கள். முழங்கையிலும் முன்தொடையிலும் இது அதிகம் வரும். வளர்ந்த எலும்பு மூட்டைத் தடுத்துவிட்டால் சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோகவோ சட்டைப் பொத்தானைப் போடவோ கை மடங்காது. அந்த எலும்பு முற்றி முடியும்வரை அறுவைச் சிகிச்சையையும் பெரும்பாலும் தள்ளிவைக்க வேண்டும். அதற்குப் பல மாதங்கள் ஆகும். தறியிலோ தையல் மெஷினிலோ பிழைக்கிற குடும்பத்துக்கு அந்த மாதங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்ல வேண்டியதில்லை.

நல்ல சமாரியன் கதையிலும் காயத்தின்மேல் எண்ணெய் வார்க்கப்பட்டது, தேய்க்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்!

அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் நீவுதல், சூட்டு ஒத்தடம், சாராயம் மூன்றும் விலக்கு. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பதினைந்து, இருபது நிமிடம் வைத்தால் வலி அடங்கும். ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்துமோ என்று இக்காலத்தில் சிலர் சந்தேகிக்கிறார்கள். வலியைக் குறைக்கும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. பிறகு கிரேப் பேண்டேஜ் சுற்றிக் காலைத் தலையணையில் உயர்த்தி வைக்கலாம்.

கணுக்கால் பிசகியவருக்கு எக்ஸ்ரே தேவையா என்று கண்டறிய 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் எளிய விதிகளை வெளியிட்டார்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இருபக்க எலும்பு முண்டுகளின் பின்ஓரத்தைத் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். வேட்டி கட்டிய எந்தப் பெரியவரும் மைதானத்தின் ஓரத்தில் நின்று இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இன்னொரு ஆபத்து சற்று அபூர்வம், ஆனால் உயிருக்கே உலை வைப்பது. மாவுக்கட்டுப் போட்டோ, அறுவைச் சிகிச்சைக்குப் பின்னோ பல நாள் படுத்திருந்தவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், உள்ளே இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதைப் பிசைந்துவிட்டால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். கையை எடுத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பெரும்பாலான அடிகளில் வீக்கம் வடிந்து, தொட்டால் வலி இல்லை என்றானபின், மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொல்லும் அளவுக்கு மெதுவாக நீவத் தொடங்கலாம். அடிபட்ட முழங்கை மட்டும் விதிவிலக்கு. எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகும் அதை நீவக்கூடாது, பிறர் பிடித்து இழுத்து நீட்டவும் கூடாது. பக்கெட்டைத் தூக்கி நடந்தால் கை நீண்டுவிடும் என்று சொல்வதையும் கேட்க வேண்டாம். அடிபட்டவர் தாமாகவே, வலிக்காத எல்லை வரைக்கும், நாளுக்கு நான்கைந்து முறை மடக்கி நீட்டிப் பழக வேண்டும்.