எதிர்க்கட்சியாரும் நாமும்

"ஸ்போர்ட்ஸ்மன்ஷிப்" என்று ஆங்கிலேயர் வழங்கும் குணத்திற்கு நம்மிற் பலர் பெருந்தன்மை என்று பெயரிடுவர். அச்சொல் முற்றும் பொருந்துமென்று நமக்குத் தோன்றவில்லை. பெருந்தன்மை என்பது வென்றவன் மனமிரங்கி அளிப்பது. நாம் கருதுவதோ எதிரே நிற்பவனுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். கரிசற்பூமியின் நடுவே தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற கோவில்பட்டி, ஹாக்கிக்கும் பெயர்பெற்ற ஊராதலின், அவ்வாட்டத்தைக் கொண்டே இதனை விளக்குவோம்.

ஹாக்கிப் பந்து கல்லைப்போற் கடியது, மட்டையும் அத்தகையதே. பெனால்டி கார்னரில் இலக்கைக் காப்போர் ஐவரே. அவர்களை நோக்கி மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பந்து வருவதுண்டு. ஆகவே, முதலடி ஓங்கி அடிப்பதாயின், பந்து 460 மில்லிமீட்டர் உயரத்திற்கு மேற்படாமல் இலக்கைக் கடக்க வேண்டுமென்பது விதி. எதிரியின் முழங்காலையும் முகத்தையும் காப்பது இதனாலே ஆட்டத்தின் ஓர் அங்கமாயிற்று. மீறினோர்க்கு மத்தியஸ்தர் பச்சை அட்டை காட்டின் 2 நிமிஷமும், மஞ்சள் அட்டை காட்டின் 5 நிமிஷமேனும் வெளியிருத்தல் வேண்டும். சிவப்பு அட்டைக்குப் பின் மீளுதலில்லை. ஆயினும் மத்தியஸ்தர் கண்ணுக்குத் தப்பும் தள்ளலும் தட்டலும் பல. அவ்விடத்தே விதி ஓய்ந்து குணம் தொடங்குகிறது.

சிற்றூர்களில் இக்கடனுக்கு மற்றொரு காரணமும் உண்டு. இன்று எதிர்ப்பட்டவன் நாளை ஜில்லாக் கட்சியில் நம் பக்கத்திலேயே நிற்பான்; அவன் காலை ஒடித்துப் பெறும் வெற்றியால் ஊருக்கு நஷ்டமே. கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரினின்று வந்து இவ்வூரிற் பயின்ற கார்த்தி செல்வமும், 2022-ஆம் வருஷம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கு ஒரே இந்தியக் கட்சியிற் சென்றனர்.

அங்கே மே 23-ஆம் தேதி பாகிஸ்தானுக்கெதிரே முதற்கோலை அடித்தவர் கார்த்தியே. நம் நாட்டார் ஆரவாரித்தது இயல்பு. ஆட்டமோ அறுபது நிமிஷம். ஐம்பத்தொன்பதாம் நிமிஷத்தில் பாகிஸ்தானின் அப்துல் ராணா கோல் அடித்துச் சமமாக்கினார். அதுகாறும் தளராத அவ்வாலிபர்களைப் புகழாது, நம் காப்பாளரை நொந்துகொள்வதோடு அமைவோர் (அவர்களே பெரும்பாலார் என்பது நம் எண்ணம்) அன்றைய ஆட்டத்திற் பாதியையே கண்டவராவர். பந்தயம் 1-1 என்று முடிந்தது. ஜூன் 1-ஆம் தேதி ஜப்பானை 1-0 என்று வென்று, இந்தியா வெண்கலப் பதக்கத்தோடு திரும்பியது.