உப்புத் தண்ணீர் குடிக்கும் இயந்திரம்

வெந்நீர்த் தவலையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? உப்பு வெள்ளை வெளேரென்று காரை கட்டியிருக்கும். குடிக்கிற கிணற்று நீரே இப்படிச் செய்தால், சமுத்திர ஜலம் என்ன பாடு படுத்தும்!

அமெரிக்காவில் 1947-ல் பிறந்த 'அட்டாமிக் 4' பெட்ரோல் இயந்திரம் ஆயிரக்கணக்கான பாய்மரப் படகுகளில் ஏறியது. இன்றும் பல பழைய படகுகளில் அதுதான் ஓடுகிறது. அதன் சூட்டைத் தணிக்கக் கடல் நீரையே இரும்பு வயிற்றுக்குள் பாய்ச்சினார்கள். நாளடைவில் துரு அரித்தது; உப்பு வழியை அடைத்தது. காற்று விழுந்து, பாறைக் கரை நெருங்கும்போது இயந்திரமும் நின்றுவிட்டால் படகுக்காரர் கதி என்ன?

இதற்குப் பரிகாரம் உண்டு. உறையாமல் காக்கும் திரவம் கலந்த நல்ல தண்ணீரை ஒரு தனிப் பம்பு இயந்திரத்துக்குள்ளேயே சுற்றவிடும். வெளியே வெப்பமாற்றி என்ற உருளை. அங்கே கடல் நீர் மெல்லிய குழாய்களில் ஓடி, நல்ல தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை! உப்புப் படியுமே என்று முன்பு சுமார் 60 டிகிரி சென்டிகிரேடில் அடக்கி வைத்த இயந்திரம், இப்போது 80 டிகிரியில் நிம்மதியாக ஓடும்.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது: பழைய உப்பைக் கழுவி எடுத்த பிறகே இதைப் பொருத்த வேண்டும். காரை பிடித்த தவலையில் பன்னீரை ஊற்றி என்ன பயன்?